பத்தாவது இடம்

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நல்ல பிள்ளை.

"அக்கா, நம்ம மாவட்டத்துல தூண்டில் போட நல்ல இடமா பத்து சொல்லுங்க. மேல கேட்டிருக்காக. மேப்போட நெட்டுல போடணுமாம்."

"எத்தன?"

"பத்துக்கா."

"ஏன், எட்டு இருந்தா ஆகாதா? பதிமூணு இருந்தா?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்து என்ற எண்ணைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிடும். அது அவளுக்குத் தெரிய நியாயமில்லை. ஏன் ஏறுகிறது என்பது போனில் சொல்லித் தீருகிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அவள் படிக்கட்டும், அவளுக்கு மேலே இருப்பவர்களுக்கும் காட்டட்டும்.

எங்கள் ஆபீசை ஊரில் மீன் ஆபீஸ் என்பார்கள். என் வீட்டுக்காரர் அங்கே மீன்குஞ்சுப் பண்ணையில் காவலாளியாக இருந்தார். முப்பத்து மூன்று வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய், முதல் நாலு வருஷம் டீ வாங்கி வந்தேன், பைல் தூக்கினேன். பிறகு களப்பணிக்கு ஆள் இல்லாமல் போனபோது, "ராஜாத்தி, நீ போறியா?" என்றார்கள். போனேன். நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நல்லவேளை, தெரியும்.

வேலை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கண்மாய்களிலும் குளங்களிலும் மீன்குஞ்சு விடுவது, மாதம் ஒருமுறை வலை போட்டு வளர்ச்சி பார்ப்பது, குத்தகைக்காரர்களின் சண்டையைக் கேட்பது. இதில் குஞ்சு விடுவது ஒன்றுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய காரியம். கட்லா, ரோகு குஞ்சுகள் பாலிதீன் பைகளில் வரும். பையில் கொஞ்சம் தண்ணீர், மீதி ஆக்சிஜன். வந்ததும் வாயைப் பிரித்துக் கொட்டிவிடக் கூடாது. கட்டிய பையை அப்படியே கண்மாய்த் தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்க விட வேண்டும். உள்ளே இருக்கும் சூடும் வெளியே இருக்கும் சூடும் ஒன்றாக வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து, கண்மாய்த் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளிப் பைக்குள் விட்டு, பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானாக நீந்தி வெளியே வரும். அவசரப்பட்டால் அதிர்ச்சியில் செத்து மிதக்கும். இவ்வளவுதான். இந்த அரைமணி நேரத்தை வாங்குவதற்குள் நான் பட்ட பாடு!

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் குஞ்சு விட வந்தார். கேமராக்காரர் வந்துவிட்டார், மாலை வந்துவிட்டது. பை இப்போதுதான் தண்ணீரில் கிடக்கிறது.

"கொட்டிரலாமா?" என்றார் அவர்.

"இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்ங்கய்யா."

"நான் போற வழியில கல்யாணம் இருக்கும்மா."

"கல்யாணத்துக்குப் போயிட்டு வாங்கய்யா, பை இங்கனதான் கிடக்கும்."

கூட வந்தவர்கள் என்னை முறைத்தார்கள். நான் என் அதிகாரி தட்சிணாமூர்த்தி சாரைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "விதிமுறையில முப்பது நிமிஷம்னு எழுதியிருக்குங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெரிய மனிதர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இருபத்தைந்து நிமிஷமும் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். குஞ்சு பிழைத்தது.

தட்சிணாமூர்த்தி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று பச்சை. மேஜையில் காகிதக் கட்டை ஸ்கேல் வைத்து நேராக்குவார். எந்தக் கடிதத்தையும் வாய்க்குள் முணுமுணுத்து, ஒரு வரி விடாமல் படிப்பார். ஏதாவது போய்ச் சொன்னால், முழுதும் கேட்டுவிட்டு, "எழுதிக் குடுங்க" என்பார். ஜீப் பிரேக் பிடிக்கவில்லை சார் என்று டிரைவர் ஓடி வந்தபோதும் அதையேதான் சொன்னார். ஆனால் கை சுத்தம். ஒரு குத்தகைக்காரர் தீபாவளிக்கு உயிரோடு நாலு விரால் கொடுத்தனுப்பினார். சார் அதை வாளியில் தண்ணீரோடு திருப்பி அனுப்பி, "பெற்றுக்கொண்டேன்" என்று அவரிடம் கையெழுத்தும் வாங்கி வரச் சொன்னார். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்குக் கீழே வேலை பார்த்த வருஷங்களில் நான் யாருக்கும் பயந்ததில்லை.

அவர் காலத்தில்தான் அந்த உத்தரவு வந்தது. மாவட்டத்தில் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடத் தகுந்த இடங்கள் பத்தைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும், வெளியூர்க்காரர்களுக்காக ஒரு கையேடு போடப் போகிறார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் எல்லாத் தண்ணியும் பாத்தவங்க. பாத்து எழுதிக் குடுங்க" என்றார்.

மூன்று வாரம் அலைந்தேன். மீன் இருக்கிறதா என்பது எனக்கு மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி, கால் வைக்கிற இடம் மண்ணா, பாசியா, சேறா? இரண்டாவது, தண்ணீர் ஏறினால் எந்தப் பக்கம் ஓடுவது? கெளுத்தி எங்கும் கிடைக்கும், ஜிலேபி கெண்டை வேண்டாமென்றாலும் வந்து மாட்டும். மனிதனுக்குக் கால் ஊன்ற இடம்தான் எங்கும் கிடைக்காது. சில கண்மாய் குத்தகையில் இருக்கிறது, அங்கே போய்த் தூண்டில் போட்டால் அடிதான் விழும். திராட்சைத் தோட்டங்களை ஒட்டிய ஓடைகளில் மருந்தடித்த தண்ணீர் வந்து சேரும், அந்த மீனைச் சாப்பிடச் சொல்ல எனக்கு மனசில்லை. குச்சனூரில் சனிக்கிழமை கோயிலுக்கு வருகிற கூட்டத்துக்கு நடுவே தூண்டிலை வீசினால் மீன் மாட்டாது, யாராவது சாமி கும்பிட வந்தவர் காதுதான் மாட்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்ததில் ஒன்பது இடம் தேறியது. ஒன்பதையும் எழுதினேன்.

தனியாக இன்னொரு தாளில், எங்கே நிற்கக் கூடாது என்றும் எழுதினேன். அதில் முதலாவது, ஆற்றில் ஒரு கசம். ஆறு சுழித்து ஆழமாகக் கிடக்கிற மடுவை எங்கள் பக்கம் கசம் என்போம். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே நாலு பேர் போய் நிற்பீர்கள். பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நடுவில் மாட்டுவண்டி அகலத்துக்கு ஒரு பாறை, கரையிலிருந்து அதுவரை படி வைத்ததுபோல வரிசையாகக் கற்கள். மீனும் அப்படித்தான் கிடக்கும். ஆனால் இரண்டு கிலோமீட்டர் மேலே ஒரு சின்ன அணைக்கட்டு இருக்கிறது. அங்கே ஷட்டரைத் தூக்கினால் இங்கே தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும். முதலில் மூழ்குவது பாறை இல்லை, திரும்பி வருகிற கல் வரிசை. பாறையில் நிற்பவனுக்கு வழி போனது தெரியவே கொஞ்ச நேரமாகும்.

சார் இரண்டு தாளையும் முணுமுணுத்துப் படித்தார். மேலிருந்து வந்த படிவத்தை எடுத்து வைத்தார். அதில் பத்து வரிசை.

"பத்தாவது காலியா இருக்கே?"

"காலியா விட்ருங்க சார்."

"காலியா விட்டா திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும் சார். இல்லாத இடத்த நான் எங்க போய்த் தேட?"

ஒன்பதோடே அனுப்பினார். படிவம் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை அவர் அந்தக் கசத்தின் பெயரைப் பத்தாவது வரிசையில் எழுதிவிட்டார். எனக்குத் தெரிந்ததும் நேரே போய் நின்றேன். "உங்க எச்சரிக்கைத் தாளை இணைப்பா வச்சிருக்கேன். அதையும் சேத்துத்தான் அச்சடிப்பாங்க" என்றார். அவர் நிஜமாகவே அப்படி நம்பினார். ஒரு தாள் மேலே போனால் அது படிக்கப்படும் என்று நம்பிய கடைசி மனிதர் அவர்தான்.

புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், வண்ணப் படங்கள். என் எச்சரிக்கைத் தாள் அதில் எங்குமே இல்லை. அட்டைப்படம் மட்டும் அந்தக் கசம். பாறை மேல் ஒருவன் தூண்டிலோடு நிற்க, பின்னால் சூரியன் இறங்குகிறது. எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. சார் அட்டையை ரொம்ப நேரம் பார்த்தார். திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினார். நினைவூட்டல் எழுதினார். பதில் வரவில்லை.

அஞ்சாறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துக் கண்மாயில் குத்தகைக்காரர் வலை இழுக்கிறார் என்று பார்க்கப் போயிருந்தேன். கசத்துக்கரைத் தோப்பில் தேங்காய் வெட்டும் முருகன் போன் செய்தான்.

"அக்கா, பாறையில ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாக. ஒரு பெரியவரு, ஒரு பொம்பளப்பிள்ள. தண்ணி ஏறுது."

மொபட்டை எடுத்தேன். ஓட்டிக்கொண்டே அணைக்கட்டு லஸ்கருக்குப் போன் போட்டேன். ஷட்டர் திறந்து மூடுகிற ஆள் அவர்தான்.

"ஷட்டர எறக்குங்கண்ணே, கீழ ஆளு மாட்டியிருக்கு."

"ஆபீஸ்ல சொல்லாம எறக்க முடியாதும்மா. கடைமடையில நடவு. எறக்கினா என்னைய உரிச்சிருவாக."

அவர் சொன்னதும் பொய்யில்லை. கடைமடைக்காரன் தண்ணீர் வராவிட்டால் மண்வெட்டியோடு வருவான். அடுத்து தட்சிணாமூர்த்தி சாருக்குப் போட்டேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று இருந்தது எனக்கு.

"எந்த இடம்?" என்றார்.

"பத்தாவது இடம் சார்."

போன் கட்டாகிவிட்டது. அவர் என்ன செய்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. லஸ்கரைக் கூப்பிட்டு, தன் பெயரையும் பதவியையும் சொல்லி, "இறக்குங்க. யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு எழுதி வச்சுக்கங்க" என்றிருக்கிறார். அணைக்கட்டுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அவருக்கு அதிகாரமும் இல்லை. லஸ்கர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

நான் கரைக்குப் போனபோது கல் வரிசை கண்ணில் படவே இல்லை. பாறை மேல் கணுக்கால் தண்ணீரில் இருவர். கம்பத்தில் துணிக்கடை வைத்திருக்கும் தாவூது பாய், அவர் மகள் நஸீமா. வெளியூரில் காலேஜில் பாடம் நடத்துகிறவள், விடுமுறைக்கு வந்தவள். அத்தாவுக்கு என்று தூண்டில் வாங்கி, அந்தப் புத்தகத்தைப் பார்த்து அவளே அழைத்து வந்திருக்கிறாள். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த மனிதர் ஒரு கையில் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தண்ணீருக்குள் விட்டு முதல் கல்லைத் தேடுகிறார் என்பதுதான்.

"பாய்! கால எடுங்க! எறங்காதீக!"

"கல்லு இங்கனதாம்மா இருந்துச்சு!"

"இருக்கட்டும்! உக்காருங்க! ஏத்தா, உங்க அத்தாவ உக்கார வையி! தூண்டிலக் கீழ போடுங்க பாய்!"

"புதுசும்மா இது!"

இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. உயிர் போகிற நேரத்தில் புதுசாம்! நஸீமா அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். தண்ணீர் வருகிற திசைக்கு முதுகைக் கொடுத்து, ஒருவர் கையை ஒருவர் கோர்த்துக்கொள்ளச் சொன்னேன். முருகன் தென்னைமரத்துக் கயிற்றை வீசினான். இரண்டு முறையும் பாதியிலேயே விழுந்தது.

நான் தண்ணீரில் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் சொல்வதற்கு நன்றாக இருந்திருக்கும், தேடுவதற்கு மூன்று உடம்பு இருந்திருக்கும். ஷட்டரை மூடினாலும் வழியில் இருக்கிற தண்ணீர் வந்துதான் தீரும். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. தண்ணீர் அவர்கள் மடிவரை வந்தது. பாய் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். கடை எந்தத் தெரு, எத்தனை பிள்ளை, என்ன படிப்பு என்று. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள்.

அப்போது தூண்டில் அவர் கையிலிருந்து நழுவியது. பாய் அதை எட்டிப் பிடிக்கப் பாய்ந்தார். மகள் அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். துணி கிழிகிற சத்தம் கரைவரை கேட்டது. இன்னொரு கையால் இடுப்பைச் சுற்றிப் பிடித்துவிட்டாள். ஆனால் அவர் கால் பாறை வெடிப்புக்குள் போய் முறுக்கிக்கொண்டது. அவர் போட்ட அலறலில் முருகன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு தண்ணீர் ஏறவில்லை. முக்கால் மணி நேரத்தில் முதல் கல் தெரிந்தது. முருகனும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தூக்கி வந்தார்கள். அவர்கள் கரைக்கு வருமுன்னே சார் வந்து சேர்ந்து, பேண்ட்டும் ஷூவுமாக முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பாயின் தலையைத் தாங்கிப் பிடித்தார். 

இரண்டு மாதம் கழித்து பாயும் மகளும் ஆபீசுக்கு வந்தார்கள். பாய் இரும்பு வாக்கரை ஊன்றி வந்தார். கால் எலும்பில் பிளேட் வைத்திருந்தார்கள். நஸீமா புத்தகத்தை மேஜையில் வைத்தாள்.

"இத யாரு எழுதினது?"

என் எச்சரிக்கைத் தாளின் நகல் என் பீரோவில் இருந்தது. இரண்டு மாதமாக அதற்காகவே பத்திரமாக வைத்திருந்தேன். எடுக்க எழுந்தேன். அதற்குள் சார் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான். இந்தம்மா அந்த இடம் கூடாதுன்னு எழுதிக் குடுத்தாங்க. ஒரு வரிசை காலியா இருந்துச்சு. நிரப்பினேன்."

"ஒரு வரிசைய நிரப்பவா எங்க அத்தாவ அங்கன அனுப்பினீக?"

  பாய் மகளின் கையைத் தொட்டு, "விடும்மா" என்றார். பிறகு சாரைப் பார்த்து, "இந்தப் புத்தகம் இன்னும் எத்தன பேரு கையில இருக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சாரைச் சும்மா இருக்க விடவில்லை. அடுத்து வந்த விடுமுறை நாளெல்லாம் வெள்ளைத்தாளைச் சின்னச் சின்னதாக வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் போனேன். உத்தமபாளையம், கம்பம், தேனி, ஒரு லாட்ஜ் விடாமல், ஒரு புத்தகக் கடை விடாமல், இருந்த பிரதிகளை வாங்கிப் பத்தாவது வரிசை மேல் தாளை ஒட்டினோம். அட்டைப்படத்தை என்ன செய்வது? அதைக் கிழித்தே எடுத்தோம். ஒரு லாட்ஜ் மேனேஜர், "அட்டை இல்லாமப் பாக்க நல்லாயில்லையே சார்" என்றார். சார் அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஆள் கோந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தகத்துக்காக மேலேயிருந்து யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரமில்லாமல் ஷட்டரை இறக்கச் சொன்னதற்குத்தான் மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். அவர் ஒரே வரியில் பச்சைப் பேனாவால் எழுதினார்: "உயிர் இரண்டு இருந்தது, இறக்கச் சொன்னேன்." அந்தத் தாளுக்கும் பதில் வரவில்லை. ஓய்வு பெறுவதற்குள் எழுதி எழுதி, கசத்தின் கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகை வைக்க வைத்துவிட்டுத்தான் போனார். சிவப்பு எழுத்து: 'அபாயம். திடீரெனத் தண்ணீர் வரும். மீன் பிடிக்கத் தடை.'

எனக்கும் ஓய்வு வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன், முருகன் வீட்டு விசேஷத்துக்குப் போனவள், கால் கேட்காமல் கசத்துப் பக்கம் இறங்கினேன். பலகை அப்படியே இருந்தது. அதன் ஆணியில் ஒரு பை தொங்கியது. பாறை மேல் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், தொப்பியும் தூண்டிலுமாக.

"தம்பி! போர்டப் படிச்சீகளா?"

"படிச்சேன்க்கா. அதப் பாத்துத்தான் எடத்தையே கண்டுபிடிச்சேன். செவப்பு போர்டுக்கு நேரா பாறையில நின்னா அள்ளலாம்னு நெட்டுல போட்டிருக்கான்."

 என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. வசவு தாங்காமலோ என்னவோ, முனகிக்கொண்டே கல் வரிசையில் கால் வைத்துக் கரைக்கு வந்தான். "நீங்க யாருக்கா? ஆபீசரா?" என்றான். இல்லை என்றேன். பையைத் தோளில் மாட்டினான். போகவில்லை. நான் போனதும் திரும்ப இறங்கலாம் என்று நின்றான். நானும் போகவில்லை. அங்கேயே கரையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு வேறு என்ன வேலை?

ஒரு மணி நேரம் இருக்கும். முதல் கல்லின் ஓரத்தில் ஈரம் ஏறியது. பிறகு அந்தக் கல் இல்லை. அடுத்தது இல்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். பாறையும் மேலே மெல்லிய தண்ணீர்ப் போர்வையோடு மங்கியது. அவன் தொப்பியைக் கழற்றினான்.  எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"அக்கா," என்றான், "அப்ப இந்தப் பக்கம் வேற நல்ல ஸ்பாட் எதுக்கா?"

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு, அவன் உயிரோடு ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று, ஒன்பதையும் சொன்னேன்.